பத்தாவது ரீல்

வெள்ளாங்கரையில் இங்கிலீஷ் படங்களுக்கு முடிவு கிடையாது. அது அந்தப் படங்களின் குணம் என்றே ஊர் நம்பியிருந்தது. தமிழ்ப் படம் என்றால் கடைசியில் கல்யாணமோ சாவோ நடந்து, திரையில் வணக்கம் என்று எழுத்து வரும். இங்கிலீஷ் படம் என்றால் ஓர் ஆள் கதவைத் திறப்பான், அல்லது ஒரு கப்பல் திரும்பும், அத்தோடு கொட்டகையில் விளக்கு எரிந்துவிடும். மிச்சத்தைப் பார்க்கிறவர்களே நினைத்துக்கொள்ளட்டும் என்று வெள்ளைக்காரர்கள் விட்டுவிடுவார்கள் போல என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

உண்மைக் காரணம் தண்ணீர் லாரி. வெள்ளாங்கரை உப்பள ஊர். எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் உப்பு. குடிக்கிற தண்ணீர் வாரத்தில் மூன்று நாள் லாரியில் வரும், ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு வரும். ஸ்டெல்லா டாக்கீஸில் இங்கிலீஷ் படம் ஞாயிறு இரண்டு மணிக்குத் தொடங்கும், பத்து ரீல் இருக்கும். ஒன்பதாவது ரீல் முடியும்போது லாரியின் ஹாரன் கேட்கும். பெண்கள் படம் பார்க்க வரும்போதே காலிக் குடங்களைக் கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் வரிசையாக வைத்திருப்பார்கள். ஹாரன் கேட்டதும் குடங்களைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள், அவர்கள் எழுந்தால் ஆண்களும் எழுந்துவிடுவார்கள். ஆளில்லாத நாற்காலிகளுக்குப் படம் காட்டுவானேன் என்று, ஆபரேட்டர் சூசை எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே பத்தாவது ரீலை மாட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த ரீல் வட்டத் தகர டப்பாவோடு பெண்களுக்கு டிக்கெட் கொடுக்கும் அறையில், பெஞ்சுக்குக் கீழே கிடக்கும். திங்கட்கிழமை பஸ்ஸில் மற்ற ரீல்களோடு சேர்ந்து மதுரைக்குத் திரும்பிப் போய்விடும்.

அந்த டிக்கெட் அறையில் உட்கார்ந்திருந்தவள் அன்னப்பழம். அவளுக்கு முப்பத்தோரு வயது. டிக்கெட் கொடுத்து முடிக்கும்போது இரண்டாவது ரீல் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கப்புறம் உள்ளே போய் உட்கார அவளுக்கு மனம் வராது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஊருக்கு அவளை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் இருந்தது. அவள் கழுத்தில் தாலி இருந்தது. புருஷன் இல்லை. அவன் செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்து, யோசித்த களைப்பில் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள்.

அவள் புருஷன் நயினார் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாதம், உச்சி வெயிலில், வேலை செய்கிற இடத்தில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் வேண்டும் என்று மேஸ்திரி பொன்பாண்டியிடம் அவன் கேட்டான். கேட்டதோடு நிறுத்தாமல், மேஸ்திரியின் மோட்டார் சைக்கிளைக் கழுவுகிற தண்ணீரைக் குடித்தாலே போதும் என்றும் சொன்னான். அப்போது அங்கே பதினோரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் உப்பு வாருகிறவர்கள். பதினோராவது ஆள் அடுத்த படத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வந்த ஆபரேட்டர் சூசை. அன்று சாயங்காலம் நயினார் வீட்டுக்கு வரவில்லை. அன்னப்பழம் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள். பதினோரு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"வெயிலு தாயி. கண்ணு கூசிட்டு. ஒண்ணுந் தெரியல."

வெள்ளாங்கரையில் அந்தப் பதிலை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. உப்பின் மேல் பட்டுத் திரும்புகிற வெயில் அங்கே உள்ளவர்களின் கண்ணை நாற்பது வயதுக்குள் தின்றுவிடும். கடன்காரன் வந்தாலும், பிடிக்காத உறவுக்காரன் எதிரே வந்தாலும், பார்க்காததற்கு அந்த ஊரில் எல்லோரும் சொல்கிற காரணம் அதுதான், அதை ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை. போலீஸ்காரரும் அந்த மரியாதையைக் காப்பாற்றினார். ஆள் பம்பாய்க்குப் போயிருப்பான் என்று எழுதிக்கொண்டு போனார்.

இந்த நிலையில்தான் ஒரு மாசி ஞாயிறு அந்தப் படம் வந்தது. மதுரையிலிருந்து வந்த பெட்டியில் சண்டைப் படத்துக்குப் பதிலாக அது இருந்தது. பழைய பிரிட்டிஷ் படம், கறுப்பு வெள்ளை, மர்மப் படம். சூசை வாலிபத்தில் கப்பலில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் தெரியும். ரீல் ஓட ஓட, தன் அறையிலிருந்தே மைக்கில் தமிழில் கதை சொல்லிக்கொண்டு வருவது அவர் வழக்கம்.

"இது இங்கிலாந்துல ஒரு துறைமுகம். மூடுபனி காலம். ஒரு ஆள தண்ணிக்குள்ள தள்ளி விட்டுட்டான் ஒருத்தன். தள்ளுனவன் மூஞ்சி நமக்குத் தெரியாது, முதுகு மட்டுந்தான் தெரியும். செத்தவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, பாத்துக்கிடுங்க. அவ வீடு வீடாப் போயி கேக்கா. பேப்பர் விக்கிறவன் பாத்தான், டீக்கடைக்காரி பாத்தா, ஜன்னல்ல நின்ன நர்சம்மா பாத்தா. கேட்டா எல்லாரும் ஒண்ணு போல சொல்லுதாங்க..."

சூசை அங்கே நிறுத்திவிட்டார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"என்ன ஓய் சொல்லுதாங்க?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான்.

"பனி. அதனால கண்ணு தெரியலேன்னு சொல்லுதாங்க," என்றார் சூசை.

 மற்ற நாட்களில் இங்கிலீஷ் படத்துக்கு விசில் பறக்கும், தொப்பி போட்டவனுக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள், முத்தம் வந்தால் கிழவர்கள் இருமுவார்கள். அன்று எதுவும் இல்லை. பொன்பாண்டி மட்டும் நாற்காலி டிக்கெட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு, "துப்புக்கெட்ட போலீஸூடே! இதுக்கு நம்ம ஊரு போலீஸே தேவலாம்," என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தார்கள்.

ஒன்பதாவது ரீலின் கடைசியில் அந்தப் பெண் கடைசி வீட்டின் முன்னால் வந்து நின்றாள். கதவைத் தட்டினாள். கதவு மெல்லத் திறந்தது. அப்போது திரையின் அடி ஓரத்திலிருந்து மூடுபனி வெளியே வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி வழிந்து, தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் ஏறி, பெஞ்சுக்கு அடியில் இருந்த குடங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, வாசல் வழியாக ரோட்டுக்குப் போயிற்று. ரீல் முடிந்தது, லாரி ஹாரன் அடித்தது, சூசை விளக்கைப் போட்டார். பெண்கள் குடங்களைக் கவிழ்த்துப் பனியைக் கொட்டிவிட்டு லாரிக்கு ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும், கடற்கரை வரை, உப்பளங்களின் கடைசி வரப்பு வரை மூட்டம் இறங்கியிருந்தது. நிலக்கரிப் புகையும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை அதில் இருந்தது.

முதல் வாரம் ஊருக்கு அது பிடித்திருந்தது. நாற்பது வருஷமாகக் கண்ணைச் சுருக்கியே வைத்திருந்தவர்கள் முதல்முறையாகக் கண்ணை முழுதாகத் திறந்து நடந்தார்கள். டீக்கடையில் வியாபாரம் கூடியது. ஆடுகளுக்கு மணி கட்டினார்கள், வீட்டுக்கும் தெருமுனைக்கும் கயிறு கட்டினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் பாவாடையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் போலப் போனார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வந்த மூட்டம் என்பதால் அதற்குள் நிறம் இல்லை. செம்பருத்தி சாம்பலாகப் பூத்தது. மிளகாய் சாம்பலாகக் காய்ந்தது. நெற்றியில் வைத்த குங்குமமும் திருநீறும் ஒன்றுபோல இருந்தன. அன்னப்பழம் அந்த நாட்களில் தெருவில் நிமிர்ந்து நடந்தாள், ஏனென்றால் மஞ்சள் புடவை கட்டியவளுக்கும் வெள்ளைப் புடவை கட்டியவளுக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது மாதம் பசி வந்தது. வெயில் இல்லாமல் உப்பு விளையாது. பாத்திகளில் கட்டியிருந்த தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. பஸ் வருவது மூட்டம் இறங்கிய மறுநாளே நின்றிருந்தது, தண்ணீர் லாரி மட்டும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. ஒருவேளைக் கஞ்சி, பிறகு ஒருவேளைக் கஞ்சித் தண்ணீர். மூன்று கைக்குழந்தைகள் செத்தன, மூன்றையும் எங்கே புதைத்தோம் என்பதைக் கயிறு கட்டித்தான் அடையாளம் வைக்க வேண்டியிருந்தது. கோயிலில் பூசை போட்டார்கள், மாதா கோயிலில் ஜெபம் செய்தார்கள், பள்ளிவாசலில் துஆ கேட்டார்கள். மூட்டம் மூன்று இடத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு அங்கேயே இருந்தது.

கடைசியில் டாக்கீஸ் முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி ஊரைக் கூட்டினார். "ஏ சூசை, உம்ம படத்துலேருந்து வந்த சனியன்தானே இது? அந்த ஊருல இது எப்படிப் போச்சு? அதைச் சொல்லும்."

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதுன்னா? நீருதானே ஓட்டுனீரு?"

சூசை தலையைச் சொறிந்தார். "அது கடைசி ரீல்ல இருக்கும். நாந்தான் கடைசி ரீலு போடறதில்லையே."

அன்றைக்குத்தான் இங்கிலீஷ் படங்களுக்கும் முடிவு உண்டு என்று வெள்ளாங்கரைக்குத் தெரிந்தது. சிலர் இதற்காகவே சூசையை அடிக்க வந்தார்கள். இத்தனை வருஷமாக எத்தனை படம், எத்தனை முடிவு! அண்ணாச்சி அவர்களைத் தடுத்து, அந்த ரீல் எங்கே என்று கேட்டார். பஸ் நின்றுபோனதால் அது மதுரைக்குத் திரும்பவில்லை. அன்னப்பழத்தின் பெஞ்சுக்கு அடியிலேயே இருந்தது. அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "குடுக்கேன்," என்றாள். "ஆனா நானும் உள்ள உக்காந்து பாப்பேன். எல்லாரும் வரணும். பதினோரு பேரும்."

யார் அந்தப் பதினோரு பேர் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. சூசை முதல் ஒன்பது ரீலைப் போடவில்லை, இரண்டு மாதமாகப் பேசிப் பேசி எல்லோருக்கும் அவை மனப்பாடம். பத்தாவதை மாட்டினார். மூட்டம் நிறைந்த கொட்டகையில் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது, திரை மட்டும் தெரிந்தது. கதவு திறந்தது. உள்ளே இருட்டு. அந்தப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்டாள். வீட்டுக்குள்ளிருந்து பதில் வரவில்லை. அப்போது அவள் கதவுக்கு முதுகு காட்டித் திரும்பி, கொட்டகையைப் பார்த்தாள்.

மைக்கில் சூசையின் குரல் வந்தது. "'நீங்க பாத்தீங்களா'ன்னு கேக்கா."

அவள் காத்திருந்தாள். பத்து நிமிஷம் ஓட வேண்டிய ரீல், அரை மணி ஓடியது, ஒரு மணி ஓடியது. சக்கரத்தில் இருந்த பிலிம் குறையவே இல்லை. வெளியே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. ஒரு பெண்கூட எழுந்திருக்கவில்லை. லாரி காத்திருந்துவிட்டுப் போய்விட்டது. திரையில் அவள் கண் இமைத்தாள். மழைத்துளி ஒன்று அவள் தொப்பியிலிருந்து சொட்டியது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நா பாத்தேன்."

நாற்காலிப் பக்கத்தில் பொன்பாண்டி எழுந்தான். "யாருட்டீ அது?"

யார் என்று தெரியவில்லை. அதனால் அடுத்த குரலும் வந்தது. "நானும் பாத்தேன். மண்வெட்டிக் காம்பு." அப்புறம் ஆண் குரல்: "மொத அடியிலயே விழுந்துட்டாரு. எந்திரிக்கப் பாத்தாரு." இன்னொன்று, அழுகையோடு: "தண்ணி, தண்ணின்னு கேட்டாரு. என்கிட்ட இருந்துச்சு. குடுக்கல." குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. அன்னப்பழம் மடியில் இரண்டு கைகளையும் வைத்து, குரலுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டே இருந்தாள். முதலில் பேசிய குரல் திரும்பவும் பேசியது. "பம்ப் ரூமுக்குக் கெழக்க, ரெண்டாவது வரப்பு. அதுக்குள்ள போட்டு மண்ண அணைச்சாங்க. தெனமும் அது மேலதான் நடக்கோம்."

பொன்பாண்டி தீக்குச்சியைக் கிழித்து உயர்த்தினான். அந்த வெளிச்சத்தில் ஒரே ஒரு முகம் தெரிந்தது. அது அவனுடைய முகம். கொட்டகை முழுவதும் அதைப் பார்த்தது. குச்சி விரலைச் சுட்டதும் கீழே போட்டான்.

திரையில் அந்தப் பெண் தலையை ஆட்டினாள். திரும்பித் தெருவில் நடக்கத் தொடங்கினாள். மூட்டம் எழுந்து, மேய்ச்சல் முடிந்த மந்தை போல, அவள் பின்னாலேயே திரைக்குள் போயிற்று. ரோட்டில் இருந்தது, கடற்கரையில் இருந்தது, மூன்று சின்னக் குழிகளின் மேல் இருந்தது எல்லாம் வாசல் வழியாக வந்து, தலைகளுக்கு மேலே ஓடி, உள்ளே போயிற்று. ஆபரேட்டர் அறையில் மட்டும் ஒரு குடம் அளவு மிச்சம் இருந்தது. திரையில் வெள்ளை எழுத்து வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். "முடிஞ்சுதுன்னு போட்டிருக்கு," என்றார் சூசை.

வெளியே வெயில். செம்பருத்தி சிவப்பாக இருந்தது. வாசலில் பொன்பாண்டி நின்றுகொண்டு, வெளியே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். ஒவ்வொருவரும் கையை நெற்றியில் வைத்து நிழல் கட்டிக்கொண்டு அவனைக் கடந்தார்கள்.

அன்னப்பழம் வீட்டுக்குப் போகவில்லை. வழியில் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். ஊர் அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. பம்ப் ரூமுக்குக் கிழக்கே இரண்டாவது வரப்பை அவள் வெட்டினாள். யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இரண்டடி ஆழத்தில் பச்சைக் கட்டம் போட்ட கைலி தெரிந்தது.

உப்பு நயினாரைக் கெடவிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வேலைக்குப் போன அதே முகம், அதே இரண்டு நாள் தாடி. தலையில் மூன்று இடத்தில் எலும்பு உள்ளே போயிருந்தது. இமை மயிர்களில் உப்பு பூத்திருந்தது. அவள் முந்தானையால் முதலில் அதைத்தான் துடைத்தாள். அப்புறம் எழுந்து, வரப்பில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"பேச்சி மயினி," என்றாள். பேச்சித்தாய் அவளுக்கு அடுத்த வீடு, நயினாருக்குப் பக்கத்துப் பாத்தியில் பத்து வருஷம் உப்பு வாரியவள். "மொதல்ல பேசுனது உன் குரல். இருபது வருசமாக் கேக்கேன், எனக்குத் தெரியாதா. இப்போ சொல்லு."

பேச்சித்தாய் வரப்பில் கிடந்தவனைப் பார்த்தாள். பம்ப் ரூம் நிழலில் நின்ற பொன்பாண்டியைப் பார்த்தாள். அவள் மகன்கள் இருவரும் அவனிடம்தான் வேலை செய்தார்கள்.

"வெயிலு... கண்ணு கூசுது அன்னம்," என்றாள்.

அவள் காலடியில், உப்புத் தரையிலிருந்து, மூட்டம் எழுந்தது. இந்த முறை திரை தேவைப்படவில்லை. அன்னப்பழம் அடுத்தவரிடம் போனாள். அவரும் அதையே சொன்னார். மூட்டம் எல்லோருடைய கணுக்காலையும் தொட்டது. அடுத்தவர், அதற்கடுத்தவர். பத்துப் பேர் சொல்லி முடித்தபோது அது முழங்காலுக்கு வந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி, "ஏட்டீ போதும், விட்டுரு, மறுபடியும் பட்டினி போட்டுராத," என்று கெஞ்சினார்.

அன்னப்பழம் கடைசியாக ஆபரேட்டர் முன்னால் வந்து நின்றாள். அவர் சட்டையில் இன்னும் கொஞ்சம் பழைய பனி ஒட்டியிருந்தது.

"சூசையண்ணே, கொட்டகையில பத்துக் குரல்தான் கேட்டுது. பதினோராவது கேக்கல. நீங்க அவ கேட்டதைத்தான் சொன்னீங்க, நீங்க பாத்ததைச் சொல்லல."

 மூட்டம் தொடைக்கு ஏறியது. அவர் நெற்றிக்குக் கொண்டுபோன கையைப் பாதியில் இறக்கினார்.

"நான் பாத்தேன்," என்றார். "நோட்டீஸ் குடுக்க வந்தேன். பொன்பாண்டி அடிச்சான். மூணு அடி. மூணாவது அடிக்கு முன்னால நயினாரு என்னையப் பாத்தாரு. நான் குனிஞ்சு, கீழ விழுந்த நோட்டீஸைப் பெறக்குத மாதிரி பெறக்கிக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் கீழ விழல."

மூட்டம் நின்றது. கொஞ்சம் இறங்கியது. முழங்காலுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டது.

இன்றைக்கும் வெள்ளாங்கரையில் அது முழங்கால் உயரம்தான் இருக்கிறது. வெயில் மேலே அடிக்கிறது, உப்பு பாதிதான் விளைகிறது, பசி பாதி குறைந்திருக்கிறது. தவழ்கிற குழந்தைகளுக்குக் கழுத்தில் மணி கட்டுகிறார்கள். அன்னப்பழம் நயினாரை எரித்தாள், தாலியைக் கழற்றினாள், இரண்டு வருஷத்து அழுகையை ஒரே நாளில் அழுதுவிட்டு டிக்கெட் கொடுக்கத் திரும்பி வந்தாள். வழக்கு நடக்கிறது. சாட்சி ஒரே ஒருவர். மூடுபனி ஊர்க்காரர் சொல்வதை எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார். பொன்பாண்டி ஜாமீனில் வந்து, வழக்கம்போல நாற்காலி டிக்கெட்டில் உட்காருகிறான். சூசை இப்போது பத்து ரீலும் போடுகிறார். லாரிக்காரர் படம் முடிகிறவரை காத்திருக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒன்பதாவது ரீல் முடிந்ததும் பாதிக் கூட்டம் தானாகவே எழுந்து வெளியே போய்விடுகிறது.

போன ஞாயிறு மத்தியானம் டிக்கெட் அறையின் துளை வழியாக ஒரு கை உள்ளே வந்தது. காசு இல்லை. உப்பு அரித்து வெடித்த விரல்கள்.

"யாரு? பேச்சி மயினியா? டிக்கெட்டு வேணுமா?"

 கை போகவில்லை. பின்னால் வரிசையில் சத்தம் போட்டார்கள். "ஏ பேச்சி, நகருட்டீ! படம் போட்டாச்சு!" ஆண்கள் வரிசை ஐந்தடி தள்ளி இருந்தது, அதில் பொன்பாண்டி நின்றான். அன்னப்பழம் குனிந்து துளை வழியாகப் பார்த்தாள். பேச்சித்தாயின் முகத்தில் வெயில் நேராக அடித்தது. கைகளில் ஒன்று துளைக்குள் இருந்தது, மற்றது பக்கவாட்டில் தொங்கியது. நெற்றியில் நிழல் கட்ட அவள் அதைத் தூக்கவில்லை.

"புதன்கிழமைதானே கோர்ட்டு?" என்று பேச்சித்தாய் கேட்டாள், வரிசை முழுவதும் கேட்கும்படி.

"ஆமா மயினி."

"நா வாரேன் அன்னம். கண்ணு கூசல."